அக்காவுக்கு: அந்த விமர்சனத்தைத் திரும்பப் பெறுகிறேன்

அன்புள்ள அக்காவுக்கு,

டெல்லி கணேஷ் காலமாகி ஓராண்டு ஆகிறது. 2024 நவம்பர் 9 இரவு அவர் போய்விட்டார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நான் உன் வீட்டுக்கு வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து நீ சிரிக்கும் சத்தம் கேட்டது. டிவியில் 'மைக்கேல் மதன காமராஜன்'. கல்யாணச் சாம்பாரில் மீன் கிடக்கிறது, அதை ஊரறியாமல் எடுக்கப் படாத பாடு படுகிறார்கள். நான் உள்ளே நுழைந்ததும் ரிமோட்டை எடுத்து அணைத்துவிட்டு, "சாப்பிட்டாயா?" என்று கேட்டாய்.

65 வயதில், உன் வீட்டுக் கூடத்தில், தம்பியைக் கண்டதும் டிவியை அணைத்தாய். அன்றிலிருந்து அது முள்ளாகத் தைத்துக்கொண்டிருக்கிறது.

இதைத் தபாலில் போட்டிருக்கலாமே என்று நீ கேட்பாய். 1990-இல் அந்தப் படத்துக்கு நான் எழுதிய விமர்சனம் அச்சில் வந்தது, ஊரில் நாலு பேர் படித்தார்கள். திரும்பப் பெறுவதும் நாலு பேர் அறியத்தான் நடக்க வேண்டும். தெருப்பெயரையும் உன் புகுந்த வீட்டாரின் பெயரையும் எழுதவில்லை. அத்தானைப் பற்றியும் இங்கே பேசப் போவதில்லை. உன் மகள் இதைப் படிப்பாள்.

அந்தப் படத்தின் மேட்னி ஷோவை நீ மறந்திருக்க மாட்டாய். உனக்குத் தெரியாத பகுதியை மட்டும் சொல்கிறேன். எதிர்வீட்டு டீச்சர் உன்னை அழைத்துப் போகிறார் என்பது எனக்குத் தெரியாது. நான் திரைப்படச் சங்கத்து நண்பர்கள் மூவருடன் போயிருந்தேன், விமர்சனம் எழுதுவதற்காக. கையில் சின்ன நோட்டுப் புத்தகம். அரங்கம் முழுக்கச் சிரிக்கிறது, நாங்கள் நால்வரும் சிரிக்காமல் உட்கார்ந்திருக்கிறோம். சிரித்துவிட்டால் நோட்டில் எழுத ஒன்றும் இருக்காது என்ற பயம் எனக்கு. அப்போதுதான் பெண்கள் வரிசையிலிருந்து உன் சிரிப்பு வந்தது.

உன் சிரிப்பை யாரும் நடிக்க முடியாது. முதலில் சத்தமே இருக்காது, தோள் மட்டும் குலுங்கும். மூச்சு உள்ளேயே நின்றுவிடும். பிறகு அடக்கிவைத்த மூச்செல்லாம் ஒரே வீச்சாக வெளியே வந்து, கடைசியில் மெல்லிய விசும்பலாக முடியும். உன் கல்யாணத்துக்குப் பிறகு ஆறேழு வருஷமாக நான் அதைக் கேட்டதேயில்லை. அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும் அல்லவா? உடம்பெல்லாம் கூசியது. அத்தான் போய் ஐந்து மாதம். அந்தத் தீபாவளிக்கு நம் வீட்டில் எண்ணெய்ச்சட்டி வைக்கவில்லை. என் நண்பன் ஒருவன் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு உன்னைத் தெரியும்.

இருட்டில் கால்களை மிதித்துக்கொண்டு வந்து உன் காதருகே குனிந்து நான் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். நீ மறுபேச்சுப் பேசாமல் எழுந்தாய். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாய், சிரித்த கண்ணீர்தான் அது. கையில் காகிதச் சுருளில் முறுக்கு இருந்தது. பஸ்ஸில் வழி நெடுக அந்தச் சுருளின் வாயை மடித்து மடித்து மூடிக்கொண்டே வந்தாய். வீட்டுக்கு வந்ததும் பிள்ளையிடம் கொடுத்தாய். அடுப்படிக்குள் போனாய். அவ்வளவுதான். கடைசியில் மலைவிளிம்பில் ஊசலாடுகிற அந்த வீட்டை நீ தியேட்டரில் பார்க்கவேயில்லை. அதற்குப் பிறகு நீ எந்தத் தியேட்டருக்கும் போகவில்லை என்று உன் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

என் தரப்பையும் கேள். உனக்கு இரண்டு வரிசை பின்னால் உன் புகுந்த வீட்டு ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வீட்டுப் பங்கு விஷயம் அப்போது பேச்சுவார்த்தையில் இருந்தது. 'புருஷன் போன வருஷமே படம் பார்த்துச் சிரிக்கிறாள்' என்று ஒரு வாய் சொன்னால் போதும், உனக்கும் பிள்ளைக்கும் வரவேண்டியதில் கை வைத்திருப்பார்கள். அப்பா இல்லை. எனக்கு 24 வயது. அவர்களிடம் போய் நின்று பேச வேண்டியவன் நான்தான், நீ இல்லை. பயந்துதான் செய்தேன். இது முழு உண்மை என்று முதலில் எழுதியிருந்தேன். இப்போது 'முழு' என்ற சொல்லை எடுத்துவிட்டேன். அந்த ஆளை நான் பார்த்தது, உன்னை எழுப்பிய பிறகுதான்.

வீட்டுக்கு வந்த அன்றிரவே விமர்சனம் எழுதினேன். நீ அதைக் கத்தரித்து டிரங்குப் பெட்டியின் அடியில் அந்துருண்டையோடு வைத்திருக்கிறாய். உன் மகள் போன மாதம் புகைப்படம் எடுத்து அனுப்பினாள். அதில் ஒரு வரி: 'சொந்தத் துக்கத்தை இரண்டரை மணி நேரத்தில் மறந்துவிடக் கூடியவர்களுக்காக எடுக்கப்பட்ட படம்.' படித்தவர்களுக்கு அது பொதுமக்களைப் பற்றிய வரி. உனக்கும் எனக்கும் தெரியும், அது ஒரே ஒருத்தியைப் பற்றியது.

விமர்சனமாகவும் அது நேர்மையற்றது. அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் திரும்பப் பெறுவது அந்த ஒரு வரியை மட்டும் இல்லை. படத்தின் இயக்குநர் சிங்கீதம் சீனிவாசராவ், 1987-இல் ஒரு வசனம்கூட இல்லாமல் 'பேசும் படம்' எடுத்தவர். அதைக் கலை என்று நான் நான்கு பக்கம் புகழ்ந்திருந்தேன். அதே மனிதர் கிரேஸி மோகனின் வசனத்தோடு, மூச்சுவிட இடம் தராமல் பேசிக்கொண்டே இருக்கும் படம் எடுத்ததும் 'வெற்று வாய்ப்பந்தல்' என்று தள்ளினேன். 1925-இல் சாப்ளின் எடுத்த 'தி கோல்டு ரஷ்' படத்தில் பாறை விளிம்பில் மரக்குடில் ஆடும். சங்கத்தின் 16 எம்.எம். திரையிடலில் அதைப் பார்த்து வயிறு நோகச் சிரித்தவன் நான். நம் படத்தில் வீடு ஆடியபோது 'திருட்டு' என்று எழுதினேன். நூறு பேர் உள்ளூர் அரங்கில் சிரித்தால் அது மட்டம், நாற்பது பேர் மடக்கு நாற்காலியில் சிரித்தால் அது ரசனை. இதைத்தான் அன்று விமர்சனம் என்று நம்பினேன்.

கமல் நான்கு வேடத்தில் வருவதை வித்தை காட்டுவது என்றேன். இன்று பார்க்கும்போது, நான்கு பேரில் யார் எந்த அறையில் இருக்கிறார், யாரை யாராக நினைத்து எவர் பேசுகிறார் என்பதையெல்லாம் மனத்தில் பிடித்து வைத்துக்கொண்டால்தான் சிரிப்பே வரும் என்று தெரிகிறது. அதோடு அந்த நால்வரில் ஒருவரான காமேஸ்வரனின் பாலக்காட்டுத் தமிழ் வேறு. உன்னைப்போல் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டவர்களுக்குத்தான் அந்தப் படம் முழுதாகக் கிடைத்தது. நோட்டில் எழுதக் குனிந்தவனுக்குப் பாதி போய்விட்டது. டெல்லி கணேஷ் விமானப்படையில் வேலை பார்த்துவிட்டு நாடகத்துக்கு வந்த மனிதர், பிறந்தது நம் வல்லநாட்டில். அவர் ஒரு சமையல்காரராகவே மாறி நின்றதை, கல்யாணச் சமையல் செய்த தவசிப்பிள்ளையின் மகனான நான் ஒரு வரியில்கூடக் குறிப்பிடவில்லை.

நீ ஏன் அந்த மீன் காட்சிக்கு அப்படிச் சிரித்தாய் என்பது எனக்கு அன்றே தெரியும், அக்கா.

பத்தமடைக் கல்யாணம். நீ அப்பாவுக்கு ஒத்தாசையாகப் போயிருந்தாய். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை வைக்கிறேன். அடுப்படியில் நீயும் அப்பாவும் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்பா! பந்தி முடியும்வரை எவரிடமும் முகம் கொடுத்துப் பேசாத மனிதர், சுவரில் சாய்ந்து, தோளில் கிடந்த துண்டை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்குகிறார். நீ கரண்டியை ஓங்கி, அண்டாவுக்குள் எதையோ எடுப்பதுபோல் நடித்துக் காட்டுகிறாய். பாயச அண்டாவில் ஏதோ விழுந்திருக்கிறது, யாருக்கும் தெரியாமல் எடுத்திருக்கிறீர்கள் என்பது வரை எனக்குப் புரிந்தது. "என்ன? என்ன?" என்று கேட்டேன். இருவரும் சட்டென்று நிறுத்தினீர்கள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நீ, "சாப்பிட்டாயா?" என்று கேட்டாய்.

எனக்கு எப்போதும் இந்தக் கேள்விதானா? அடுப்படியில் நடந்த எதிலும் எனக்குப் பங்கு இருந்ததில்லை. 'படிக்கிற பையன்' என்று என்னைத் திண்ணையிலேயே வைத்தீர்கள். அன்று தியேட்டரில் அந்தச் சிரிப்பு வந்தபோது நீ திரையைப் பார்த்து மட்டும் சிரிக்கவில்லை, அப்பாவோடு சிரிக்கிறாய் என்று எனக்குத் தோன்றியது. அவர் போய் இரண்டு வருஷமாகியும் நீங்கள் இருவரும் உள்ளே, நான் வெளியே. உன்னை எழுப்பிக் கூட்டிவந்ததில் ஊர்வாய்க்கான பயம் பாதி. மீதி இதுதான். ஐந்து மாதத் துக்கத்துக்குப் பிறகு வந்த ஒரே ஒரு சிரிப்பை உன்னிடமிருந்து பிடுங்கிவிட்டேன். என்னை மன்னித்துவிடு.

ஆனாலும் உன்மேல் எனக்கு இருக்கும் கோபம் போகவில்லை. 35 வருஷம் எனக்குச் சோறு போட்டாய், என் பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாய், என் மனைவியின் பிரசவத்தில் ஆஸ்பத்திரியில் தரையில் படுத்தாய். அந்தக் காகிதத்தையும் பத்திரமாக வைத்திருந்தாய். ஒரு நாள், ஒரே ஒரு நாள், 'ஏண்டா இப்படி எழுதினாய்' என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்கலாம். திட்டியிருந்தால் 1990-லேயே உன் காலில் விழுந்திருப்பேன். நீ கேட்காமல் விட்டது பெருந்தன்மை என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது தண்டனையாகத்தான் இருந்தது.

வருகிற ஞாயிறு வருகிறேன். நோட்டுப் புத்தகம் கொண்டு வரமாட்டேன். படத்தை முதலிலிருந்து போடு, மலைவிளிம்பு வரை பார்ப்போம். மீன் வரும் இடத்தில் கொஞ்சம் நிறுத்து. பத்தமடையில் அந்த அண்டாவில் விழுந்தது என்ன என்று உன் மகளிடம் சொல்லியிருக்கிறாய். கேட்டால் அவளும் சிரிக்கிறாளே தவிர, சொல்ல மாட்டேன் என்கிறாள். எனக்கும் 59 வயதாகிறது, அக்கா.

இப்படிக்கு,
உன் தம்பி