நூற்றில் எத்தனை பேர் என்று கேட்ட மல்லிகாவுக்கு

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள மல்லிகாவுக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் கடிதம் நேற்று மாலை வந்து சேர்ந்தது. புதுச்சேரி கோரிமேட்டு மருத்துவமனையில் அண்ணன் படுத்திருக்கும் வார்டின் வாசலில் உட்கார்ந்துகொண்டே அதை எழுதியிருக்கிறாய் என்பது உன் கையெழுத்தைப் பார்த்ததுமே புரிந்தது. பக்கவாதம் வந்தவர்களில் நூற்றில் எத்தனை பேர் பிழைக்கிறார்கள், ஆறுதலுக்காக எதையும் சொல்லாமல் உண்மையை எழுது என்று கேட்டிருக்கிறாய். நான் நர்ஸாக இருந்த காலத்தில் இந்தக் கேள்வியைக் கேட்காத குடும்பமே இல்லை. எனக்குத் தெரிந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

பக்கத்துக் கட்டிலுக்காரர் ஒருவர், "இது வந்தால் ஒரு மாதத்துக்குள் பாதிப் பேர் போய்விடுவார்கள்" என்று அண்ணியிடம் சொன்னதாக எழுதியிருந்தாய். அவர் எங்கோ கேட்டதைச் சொல்லியிருப்பார். ஆனால் எல்லாரும் பக்கவாதம் என்றே சொன்னாலும், மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வது வேறு, அது வெடித்து மூளைக்குள் ரத்தம் கசிவது வேறு. பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், கசிவு ஏற்பட்டவர்களில் நூற்றுக்கு 40 பேர் அளவில் முதல் மாதத்துக்குள்ளேயே இறந்துவிடுகிறார்கள். அடைப்பில் அந்த எண் அதைவிட மிகக் குறைவு. நல்ல கவனிப்புக் கிடைக்கும் இடங்களில் 10 முதல் 15 வரை. அண்ணனுக்கு சி.டி. ஸ்கேனில் தெரிந்தது அடைப்பு. அண்ணியிடம் இதை முதலில் சொல்.

நம் நாட்டுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கொல்கத்தாவில் 2003 முதல் 2005 வரை வீடு வீடாகச் சென்று எடுத்த ஆய்வில், இரண்டு வகையும் சேர்ந்து, முப்பது நாட்களுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 41 பேர். 2005-இல் தொடங்கிய திருவனந்தபுரம் பதிவேட்டில், 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் நகரத்தில் 24.5 சதவீதம், சுற்றியுள்ள கிராமங்களில் 37.1 சதவீதம். ஒரே மாவட்டம், ஒரே நோய், இருந்தும் இவ்வளவு வித்தியாசம். இதை முதன்முதலில் படித்தபோது காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்தும் திட்டக்குடி பக்கத்திலிருந்தும் விடிய விடிய வேனில் வந்து இறங்கியவர்களின் முகங்கள்தாம் என் நினைவுக்கு வந்தன. நோயின் கடுமையோடு, ஸ்கேன் எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதும் உயிரைத் தீர்மானிக்கிறது. இது நியாயமே இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஒரு மருத்துவமனை தன் பதிவேட்டை மட்டும் வைத்துச் சொல்லும் இறப்பு விகிதத்தை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. இனி தேறாது என்று தெரிந்ததும், உயிர் வீட்டில் போகட்டும் என்று குடும்பத்தார் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆக்சிஜனோடு ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போவதை நீயும் பார்த்திருப்பாய். அந்த நோயாளி மறுநாளே வீட்டில் இறந்தாலும், பதிவேட்டில் அவர் இறந்தவர் அல்லர். சொந்த விருப்பத்தில் சென்றவர். அதனால்தான் வீடுகள் வரை தேடிப்போய் எடுத்த கணக்குகள் பெரிதாகவும் உண்மைக்கு அருகிலும் இருக்கின்றன.

ஆனால் மல்லிகா, இந்த எண்கள் எல்லாமே நோய் தாக்கிய நாளில் நின்றுகொண்டு எதிர்காலத்தைப் பார்த்துச் சொல்பவை. அண்ணன் அந்த நாளில் இல்லை. முதல் வாரத்து இறப்புகளில் பெரும்பாலானவை மூளை வீங்கி உள்ளே அழுத்துவதால் நேர்பவை. அந்த வீக்கம் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரைதான் உச்சத்தில் இருக்கும். அண்ணன் பத்து நாட்களைத் தாண்டிவிட்டார், கூப்பிட்டால் கண் திறக்கிறார், இடது கையால் உன் விரலைப் பிடிக்கிறார். பழைய துறைமுகத்தில் முகத்துவாரத்தைத் தாண்டிய படகுக்கு, கரையில் நின்றபோது இருந்த அபாயக் கணக்கைச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. கடலில் வேறு அபாயங்கள் உண்டு. இனி அவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது வாரத்திலிருந்து நான் பயப்படுவது நுரையீரல் சளிக்காய்ச்சலுக்கு, அதாவது நிமோனியாவுக்கு. பக்கவாதத்தில் தொண்டைத் தசையும் பாதிக்கப்படுவதால் விழுங்குவது மூச்சுக்குழாய்க்குள் போய்விடுகிறது. மூக்கு டியூப்பை எடுத்துவிட்டார்கள், அண்ணி டம்ளரில் தண்ணீர் கொடுக்கிறார் என்று நீ எழுதிய வரியில்தான் நான் நின்றுவிட்டேன். நர்ஸ் விழுங்கும் சோதனை செய்து பார்த்தாரா என்று இன்றே கேள். நன்றாக நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு தேக்கரண்டித் தண்ணீர் கொடுத்து, தொண்டை மேலேறி இறங்குகிறதா, இருமுகிறாரா, பிறகு "ஆ" என்று சொல்லும்போது குரல் களகளவென்று ஈரமாகக் கேட்கிறதா என்று பார்ப்பார்கள். சிலருக்கு உள்ளே போனாலும் இருமலே வராது என்பதால் இதை நீங்களாகச் செய்து பார்க்க வேண்டாம். நோயாளிக்கு மிகக் கடினமானது தண்ணீர்தான். கெட்டியான கேழ்வரகுக் கூழோ தயிரோ மெதுவாக இறங்கும், தண்ணீர் தொண்டை மூடுவதற்குள் ஓடிவிடும். மோவாயை நெஞ்சுப் பக்கம் சற்றுத் தாழ்த்தச் சொல்லி, சிறிது சிறிதாகக் கொடுத்து, முடிந்த பின்னும் அரைமணி நேரம் படுக்கவைக்காமல் இருக்க வேண்டும்.

இது நர்ஸ்களின் பழைய கண்டிப்பு என்று நினைத்துவிடாதே. ஆஸ்திரேலியாவில் காய்ச்சல், சர்க்கரை, விழுங்குதல் ஆகிய மூன்றையும் முதல் மூன்று நாட்கள் நர்ஸ்கள் முறையாகக் கவனித்த வார்டுகளையும் மற்ற வார்டுகளையும் ஒப்பிட்டு 2011-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மூன்று மாதத்தின் முடிவில் இறந்தோ பிறரை நம்பியோ இருந்தவர்கள் முதல் வகை வார்டுகளில் 42 சதவீதம், மற்றவற்றில் 58 சதவீதம். விலை உயர்ந்த மருந்து எதுவும் இல்லை, ஒரு தெர்மாமீட்டரும் சர்க்கரை பார்க்கும் கருவியும் ஒரு தேக்கரண்டியும்தான். என் தொழிலைப் பற்றி இதைவிடப் பெருமைப்பட எனக்கு வேறொன்று இல்லை.

அண்ணி தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வதாக எழுதியிருந்தாய். தூக்கத்தில் வந்ததை விடிந்த பிறகுதான் கவனிக்க முடிந்தது, நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டிய அடைப்பைக் கரைக்கும் ஊசி தவறிப்போனது. அந்த ஊசி பெரிதும் உதவுவது, பிழைத்தவர் பிறர் துணையின்றி நடமாடும் வாய்ப்பைக் கூட்டுவதற்கு. 1995-இல் அதை நிறுவிய அமெரிக்க ஆய்விலேயே மூன்று மாத இறப்பு ஊசி போட்டவர்களில் 17 சதவீதம், போடாதவர்களில் 21 சதவீதம். அந்த வித்தியாசம் தற்செயலாகக்கூட இருக்கலாம் என்றே அவர்கள் எழுதினார்கள். நேரம் தவறியது வருத்தத்துக்குரியதுதான், கையும் காலும் தேறுவதில் அதன் பங்கு உண்டு. ஆனால் அண்ணனின் உயிரை அண்ணியின் தூக்கம் தீர்மானிக்கவில்லை என்பதை, நான் சொன்னதாகவே அவரிடம் சொல்.

நெல்லிக்குப்பம் வீட்டுக்குப் போன பிறகு வரும் ஓராண்டுதான் அடுத்த கட்டம். முதல் ஆண்டுக்குள் நூற்றில் 11 பேருக்கும், ஐந்தாண்டுக்குள் 26 பேருக்கும் மீண்டும் பக்கவாதம் வருகிறது. இரண்டாவது தாக்குதல் முதலாவதைவிடக் கொடியது. இதைக் குறைப்பது பிரஷர் மாத்திரையும், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையும், கொழுப்புக்கான மாத்திரையும். பிரஷரைக் குறைத்ததாலேயே மறுதாக்குதல் 28 சதவீதம் குறைந்தது என்று 2001-இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் செய்த ஆய்வு காட்டியது. உங்கள் பெரியப்பா வீட்டில் புறா ரத்தம் தடவ வேண்டும் என்று பேசிக்கொள்கிறார்களாமே. அதனால் கை வராது என்பதைவிட, அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடுவார்களோ என்பதுதான் என் பயம். நெல்லிக்குப்பம் தமிழ்நாட்டு எல்லைக்குள் இருப்பதால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் பதிந்தால் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளும் இயன்முறைப் பயிற்சியும் வீட்டுக்கே வரும். அண்ணன் அடிக்கடி அழுகிறார் என்பதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பக்கவாதத்துக்குப் பிறகு மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, பேச முடியாதவர்களிடம் அதை யாரும் கவனிப்பதில்லை.

நீண்ட காலக் கணக்கையும் கேட்டிருந்தாய். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பக்கவாத நோயாளிகளைப் பத்தாண்டு பின்தொடர்ந்ததில் ஐந்தில் ஒருவரே உயிரோடு இருந்தார். அவர்களில் முதியவர்களே மிகுதி, பலர் எப்படியும் வயதால் போயிருப்பார்கள். அண்ணனுக்கு இன்னும் அறுபது ஆகவில்லை, இதயத் துடிப்பிலும் கோளாறு இல்லை என்கிறாய். இரண்டும் அவருக்குச் சாதகம். தேவனாம்பட்டினத்தில் என் வார்டில் இருந்து போன ஓர் அம்மா, வலது கை வராமலேயே, இடது கையால் மீனை நிறுத்துப் போட்டு வியாபாரம் செய்துகொண்டிருக்கிறார். அவர் வீட்டில் மாத்திரை டப்பா சாமி படத்துக்குக் கீழே இருக்கும். பேரன் தினமும் எடுத்துக் கொடுப்பான்.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். டிஸ்சார்ஜ் சீட்டைக் கொடுப்பதற்கு முன் எந்த மாத்திரை எத்தனை நாள் என்று தமிழில் எழுதி வாங்கி வை. படுக்கைப்புண் வராமல் திருப்பிப் படுக்கவைப்பதை அண்ணிக்கு நானே செய்து காட்டுகிறேன். விழுங்கும் சோதனையைப் பற்றி மட்டும் வியாழன் வரை காத்திருக்காதே.

அன்புடன்,
வசந்தா