மங்கம்மாள் சாலை மட்டும் போட்டவர் அல்லர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யாங்கோனிலிருந்து தங்கள் நாளிதழை இணையத்தில் நாள்தோறும் படித்துவருபவன் நான். மதுரை நாயக்கர் நாட்டை ஆண்ட ராணி மங்கம்மாளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் பேரப்பிள்ளைகளுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். சாலைகளையும் சத்திரங்களையும் தண்ணீர்ப் பந்தல்களையும் விரிவாகச் சொன்ன கட்டுரையாளர், நாற்புறமும் பகை சூழ்ந்திருந்த ஒரு நாட்டை அந்த அம்மையார் ஏறத்தாழ 15 ஆண்டுகள் எப்படிக் கட்டிக்காத்தார் என்பதை இரண்டே வரிகளில் முடித்துவிட்டார். அவர் இடக்கையால் வெற்றிலை வாங்கியதற்குப் பரிகாரமாகச் சாலை போட்டார் என்ற கதைக்கோ ஒரு பத்தி முழுவதும் கிடைத்திருக்கிறது. என் பாட்டியும் சொன்ன கதைதான் அது. கேட்க இனிமையானது என்பதற்கு மேல் அதிலிருந்து அவருடைய ஆட்சிமுறையைப் பற்றி எதுவும் அறிந்துகொள்ள முடியாது.

முதலில் ஒரு திருத்தம். மங்கம்மாளைப் பட்டத்தரசி என்று கட்டுரை குறிப்பிடுகிறது. அவர் தம் பெயரில் முடிசூடியவர் அல்லர். கணவர் சொக்கநாத நாயக்கர் 1682-இல் மறைந்தபின் மகன் அரங்க கிருஷ்ண முத்துவீரப்பர் ஆண்டார். அவரும் 1689-இல் அம்மை நோயில் இறந்துபோனார். அப்போது கருவுற்றிருந்த மருமகள் முத்தம்மாள் ஆண் குழந்தையைப் பெற்றபின் உயிர் துறந்துவிட, சில மாதங்களே ஆகியிருந்த பேரன் விஜயரங்க சொக்கநாதனுக்குப் பட்டம் கட்டி, அவன் பெயரால் ஆட்சியை நடத்தும் பொறுப்பைப் பாட்டி ஏற்றார். இந்த வேறுபாட்டை நான் சொல்லுக்காக வலியுறுத்தவில்லை. அவருடைய வலிமை, முடிவு இரண்டுமே இதில்தான் அடங்கியிருக்கின்றன.

அவர் பொறுப்பேற்ற வேளையில் அவுரங்கசீப்பின் படைத்தலைவர் சுல்பிகார் கான் செஞ்சிக் கோட்டையை முற்றுகையிடத் தொடங்கினார். அந்த முற்றுகை 1690 முதல் 1698 வரை நீடித்தது. திருச்சிராப்பள்ளியில் தலைநகரை வைத்திருந்த மங்கம்மாளுக்குச் செஞ்சி தொலைவான ஊர் அன்று. முகலாயரை எதிர்த்து நின்று மானம் காத்தேன் என்று சொல்லிக்கொள்ளும் ஆசைக்கு இடங்கொடாமல், அவர் திறை செலுத்தினார். செலுத்தியதோடு நில்லாமல், விலையுயர்ந்த அன்பளிப்புகளால் அதே படைத்தலைவரின் துணையைப் பெற்று, தஞ்சை மராட்டியரிடம் இழந்திருந்த பகுதிகள் சிலவற்றை மீட்டுக்கொண்டார். பணிந்ததாக எவரும் அவரை ஏசியிருக்கலாம். கொடுத்த பணத்துக்கு நிலம் திரும்பி வந்தது என்பதையும் அவர்கள் சேர்த்தே சொல்லியிருக்க வேண்டும்.

வலியவரிடம் இவ்வாறு நடந்துகொண்டவர், தமக்குத் திறை தர வேண்டியவர்களிடம் விட்டுக்கொடுக்கவில்லை. திருவிதாங்கூர் திறையை நிறுத்தியபோது தளவாய் (படைத்தலைவர்) நரசப்பய்யரின் தலைமையில் படை சென்றது, பெரும்பொருளுடன் திரும்பியது. தஞ்சையின் குதிரைப்படை எல்லைக்குள் புகுந்து கொள்ளையிட்டபோது, அதே தளவாய் கொள்ளிடத்தைக் கடந்து தஞ்சை நாட்டுக்குள்ளேயே நுழைய, தஞ்சை அமைச்சர் பாலாஜி பணத்தைக் கொட்டி அமைதியை விலைக்கு வாங்க நேர்ந்தது. ஆனால் மைசூர் சிக்க தேவராயர் காவிரியின் குறுக்கே அணை கட்டி நீரைத் தடுத்தவுடன், நேற்றுவரை பகைவராக இருந்த தஞ்சையோடு மங்கம்மாள் கைகோத்தார். இரு நாட்டுப் படைகளும் புறப்படவிருந்த நேரத்தில் பெருவெள்ளம் வந்து அணையை அடித்துச் சென்றுவிட்டது. காவிரி தன் வழக்கைத் தானே தீர்த்துக்கொண்ட அந்த நிகழ்ச்சியைக் கட்டுரையாளர் எப்படி விட்டார் என்று எனக்கு விளங்கவில்லை.

தோல்வியும் உண்டு. 1702-இல் மறவர் சீமையின்மீது தொடுத்த போரில் இராமநாதபுரத்து மன்னர் கிழவன் சேதுபதி வென்றார். நரசப்பய்யர் களத்தில் மாண்டார். என் பாட்டனார் இராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்தவர் ஆதலால் இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் பெருமிதம் வருவதை மறைப்பானேன்! எனினும் நடுநிலையோடு பார்த்தால், அந்தத் தளவாயின் இழப்புக்குப் பிறகு அரசியின் கை தளர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

உள்நாட்டில் அவர் கையாண்ட முறைக்கு ஒரு சான்று போதும். மதுரையில் சௌராட்டிரப் பட்டுநூல்காரர்கள் பூணூல் சடங்கு நடத்தியதற்காகச் சிறைப்பட்டபோது, அவர் தாமாகத் தீர்ப்புச் சொல்லவில்லை. கற்றறிந்தவர்களின் அவையைக் கூட்டி, அது சொன்னபடி நெசவாளர்களின் உரிமையை ஏற்று ஓலைச்சாசனம் வழங்கினார். பேரனின் பெயரால் ஆளும் பாட்டிக்கு, அவையின் பெயரால் தீர்ப்பளிப்பது எத்துணைப் பாதுகாப்பானது என்பதை அவர் அறிந்திருந்தார். திருச்சி நத்தர்வலி தர்காவுக்கு மானியம் அளித்ததையும் நான் அறச்செயலாக மட்டும் பார்ப்பதில்லை.

இங்கே பர்மாவில் வாழும் எனக்கு, மங்கம்மாளை நினைக்கும்போதெல்லாம் ஷின் சோபு நினைவுக்கு வருகிறார். மங்கம்மாளுக்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன், பகோவைத் தலைநகராகக் கொண்ட மொன் இனத்தவரின் நாட்டைத் தம் பெயரிலேயே ஆண்ட அரசி இவர். யாங்கோனிலுள்ள ஷ்வேடகோன் பௌத்தக் கோபுரத்துக்குத் தம் எடைக்கு எடை பொன் கொடுத்தவர். அது 25 வீசை, ஏறத்தாழ 40 கிலோ, என்பார்கள். (எங்கள் சந்தையில் இன்றும் வழங்கும் இந்த எடைக்கு ஆங்கிலேயர் இட்ட ‘விஸ்’ என்ற பெயர் நம் வீசையிலிருந்து போனதுதான்.) ஆனால் நான் வியப்பது பொன்னை அன்று. ஆண்வாரிசு இல்லாத நிலையில், துறவியாக இருந்த தம்மசேதியைத் துறவு நீங்கச் செய்து, தம் மகளை மணமுடித்து, தாம் உயிரோடு இருக்கும்போதே ஆட்சிப் பொறுப்பை அவரிடம் விட்டுவிட்டு, ஷ்வேடகோன் அருகே வந்து அமர்ந்துகொண்டார். தம்மசேதி 1492 வரை ஆண்டார். இருவர் பெயரிலும் இன்று யாங்கோனில் சாலைகள் உள்ளன.

மங்கம்மாளுக்கு அந்த வழி இல்லை. பேரனுக்குப் பதினைந்து வயதானபோது அதிகாரத்தைத் திருப்பித் தர வேண்டியிருந்தது. அவர் தரத் தாமதித்தார், அல்லது தரவிடாமல் சுற்றியிருந்தவர்கள் தடுத்தார்கள். அமைச்சர் அச்சய்யாவோடு சேர்த்துப் பழி பேசினார்கள். ஒரு பெண்ணை அரசியலிலிருந்து அகற்ற எந்தக் காலத்திலும் கையாளப்படும் ஆயுதம் அது. அவர் சிறைவைக்கப்பட்டுப் பட்டினியால் இறந்தார் என்ற செவிவழிச் செய்தியைக் கட்டுரையாளர் உருக்கமாக எழுதியிருக்கிறார். அந்த உருக்கத்தில் பாதியையாவது, கடன் வாங்கிய அதிகாரத்தை அவர் எத்தனை ஆண்டுகள் திறமையாகச் செலவிட்டார் என்பதற்கு அளித்திருக்கலாம்.

கடைசியாக ஒன்று. கட்டுரையோடு, வாளேந்திக் குதிரைமேல் பாயும் பெண்ணின் கற்பனைச் சித்திரத்தை வெளியிட்டிருக்கிறீர்கள். மதுரை மீனாட்சியம்மன் கோயில் ஊஞ்சல் மண்டபத்தில் மங்கம்மாளும் இளம் விஜயரங்கனும் இருக்கும் ஓவியம் உண்டு. அடுத்த முறை அதை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
யாங்கோன், மியான்மர்.