புது நகரங்களில் பப்புக்கும் ஒரு மனை ஒதுக்குங்கள்

பிரிட்டனின் வீட்டுவசதி அமைச்சகத்துக்கும் புது நகரங்களைத் திட்டமிடும் குழுவினருக்கும்,

வணக்கம். 2025 செப்டம்பரில் புது நகரங்கள் பணிக்குழு இங்கிலாந்தில் பன்னிரண்டு இடங்களைப் பரிந்துரைத்தது. ஒவ்வொன்றிலும் குறைந்தது 10,000 வீடுகள். பள்ளிக்கூடம், மருத்துவமனை, ரயில், மரம் என்று எல்லாவற்றைப் பற்றியும் பேச்சு நடக்கிறது. நான் கேட்பது சின்ன விஷயம். அந்த நகரங்களில் பப் எங்கே இருக்கும்? அதன் அடிமனை யார் பெயரில் இருக்கும்?

கவுன்சில் எஸ்டேட்டுகளின், அதாவது உள்ளாட்சி கட்டி வாடகைக்கு விட்ட குடியிருப்புகளின், கடைவரிசையில் கல்லாவுக்குப் பின்னால் நிற்பவர்களில் எங்கள் தமிழ் ஆட்கள் நிறையப் பேர். அவர்களும் படிக்க வேண்டும் என்றுதான் இதைத் தமிழில் எழுதுகிறேன். தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்கள் தயவுசெய்து டாஸ்மாக்கை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். நான் சொல்லும் பப்பில் ஞாயிறு மதியம் பிள்ளைகுட்டிகளோடு சாப்பிட வருவார்கள். சாவு வீட்டுக்காரர்கள் அடக்கம் முடிந்ததும் நேராக அங்கேதான் போவார்கள். டார்ட்ஸ் குழுவுக்கும் கால்பந்து அணிக்கும் அதுதான் விலாசம். நான் குடிப்பதில்லை. ஆனாலும் அங்கே எனக்கு ஒரு நாற்காலி இருந்தது.

முந்தைய தலைமுறைத் திட்டக்காரர்கள் இதைப் புரிந்துவைத்திருந்தார்கள். போர் முடிந்த கையோடு, 1946இல், புது நகரங்கள் சட்டம் வந்தது. 1947இல் எசெக்ஸில் ஹார்லோவைப் புது நகருக்கான இடமாகக் குறித்தார்கள். ஃபிரெட்ரிக் கிப்பர்ட் அந்த நகரை வரைந்தபோது ஒவ்வொரு குடியிருப்புப் பகுதிக்கும் நடந்துபோகும் தூரத்தில் சில கடைகளும் ஒரு பப்பும் வருகிற மாதிரி வைத்தார். அந்தப் பப்களுக்கு வண்ணத்துப்பூச்சி, விட்டில்பூச்சிகளின் பெயர்கள்: எசெக்ஸ் ஸ்கிப்பர், பர்ப்பிள் எம்பரர், ஒயிட் அட்மிரல், டிரிங்கர் மாத். குடிகார விட்டில் என்று ஒரு மதுக்கடைக்குப் பெயர் வைத்தவர் சிரித்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டிருப்பார்.

அவ்வளவு சுலபமாக அவை வந்துவிடவில்லை. செங்கல்லுக்கும் மரத்துக்கும் தட்டுப்பாடு. கட்டுமான உரிமக் கட்டுப்பாடு 1954 வரை நீடித்தது, அதுவரை வீட்டுக்குத்தான் முதலிடம். அப்புறம் குண்டுவீச்சில் அழிந்த பழைய பப்களின் உரிமங்களைப் புது எஸ்டேட்டுகளுக்கு மாற்றி, பியர் காய்ச்சும் மதுவாலை நிறுவனங்கள் தங்கள் செலவில் கட்டின. ஷெஃபீல்டில் 1961இல் திறந்த பார்க் ஹில் குடியிருப்பில் ஏறக்குறைய ஆயிரம் வீடுகள், அதற்குள்ளேயே நான்கு பப்கள். இன்று யாராவது அப்படி ஒரு வரைபடத்தை உங்கள் மேசைக்குக் கொண்டுவந்தால் அந்த நாலு இடத்தில் இன்னும் எத்தனை வீடு அடங்கும் என்றுதான் கணக்குப் பார்ப்பீர்கள்.

தட்டைக் கூரை போட்ட பப்பில் காலடி வைக்காதே என்று இங்கே ஒரு கிண்டல் உண்டு. எஸ்டேட் பப்களில் பாதிக்கு மேல் அந்த ரகம்தான் என்று நினைக்கிறேன், அழகு என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் 2018இல் போருக்குப் பிந்தைய ஐந்து பப்கள் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் ஏறின. ஸ்கன்தோர்ப்பின் குவீன் பெஸ், பாத் நகரின் டுவெர்டன் பகுதியிலுள்ள செஞ்சூரியன் இரண்டும் அதில் உண்டு.

அவை சொர்க்கமாக இருந்தன என்றும் சொல்லவில்லை. பர்மிங்காம் அருகேயுள்ள ஸ்மெதிக்கில் நிறம் பார்த்து ஆளை உள்ளே விட்ட பப்கள் இருந்தன. அந்த ஊரின் நிறவெறியை நேரில் பார்க்க 1965 பிப்ரவரியில் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் வந்தார். அதே ஆண்டுதான் பொது இடங்களில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டமும் வந்தது. இன்று அதே ஸ்மெதிக்கில் மூடிப்போகவிருந்த பப்களைப் பஞ்சாபிக் குடும்பங்கள் எடுத்து, பியரோடு தந்தூரி கோழியும் வைத்து ஓட்டுகிறார்கள். கதவைச் சாத்தியவர்களின் கடையைக் கதவுக்கு வெளியே நின்றவர்களின் பிள்ளைகள் காப்பாற்றுவது எனக்குப் பிடித்த வேடிக்கை.

சரி, எஸ்டேட் பப் எப்படிச் செத்தது? காரணங்கள் பல. தொழிற்சாலைகள் மூடின. குடியிருப்பவர்களே வீட்டை வாங்க வழிசெய்த 1980 சட்டத்துக்குப் பிறகு கவுன்சில் வீடுகள் விலைக்குப் போயின, பல கைமாறி வாடகைக்கு வந்தன, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பக்கத்துவீட்டு முகம் மாறும் தெருக்கள் உருவாயின. 2007இல் பப்புக்குள் புகைக்கத் தடை வந்தது. இளைஞர்கள் குடிப்பதும் குறைந்தது, அது நல்லதுதான். சூப்பர் மார்க்கெட் டின் பியர் மலிவு. எங்கள் கடைவரிசைக் குளிர்பெட்டியிலிருந்து நான்கு டின்னை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போன வாடிக்கையாளர், முன்னொரு காலத்தில் எதிரே பப்பில் உட்கார்ந்தவர்தான். இந்தக் கதையில் எங்கள் பங்கு அது.

ஆனால் வியாபாரம் குறைவதற்கும் கட்டடமே காணாமல் போவதற்கும் வித்தியாசம் உண்டு. அங்கேதான் உங்கள் பங்கு வருகிறது. 1989இல் அரசு, 2,000க்கு மேல் பப் வைத்திருந்த மதுவாலைகளின் பிடியைத் தளர்த்த உத்தரவு போட்டது. நோக்கம் போட்டியை வளர்ப்பது. நடந்தது வேறு. ஆயிரக்கணக்கான பப்கள் கடன் வாங்கி வளர்ந்த சொத்து நிறுவனங்களின் கைக்குப் போயின. 2008 நெருக்கடியில் கடன் கழுத்தை நெரித்தபோது அவர்கள் விற்க முடிந்ததை விற்றார்கள். எஸ்டேட் பப் என்றால் பெரிய மனை, முன்னால் கார் நிறுத்த இடம். பியர் விற்று வருகிற லாபத்தைவிட அந்த மண்ணுக்கு மதிப்பு அதிகம். அப்போதைய விதிப்படி பப்பைக் கடையாக மாற்றத் திட்ட அனுமதியே வேண்டாம், பெரும்பாலும் இடிக்கவும் வேண்டாம். அந்த ஓட்டையை 2017இல்தான் அடைத்தீர்கள். அதற்குள் தேசியப் புள்ளியியல் அலுவலகக் கணக்கில் 2008இல் சுமார் 50,000 இருந்த பப்கள் 2018இல் 39,000க்கு வந்துவிட்டன.

சட்டம் மனது வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு லண்டன் கார்ல்டன் டாவர்ன் சாட்சி. 2015 ஏப்ரலில், பாரம்பரியப் பட்டியலில் ஏறவிருந்த நேரத்தில், உரிமையாளர்கள் அனுமதியில்லாமல் அதை இடித்துத் தள்ளினார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் விடவில்லை, இருந்தது இருந்தபடி திரும்பக் கட்டு என்றது. 2021இல் அது மறுபடி திறந்தது. ஆனால் பட்டியலில் இல்லாத ஒரு தட்டைக் கூரைப் பப்புக்காக அப்படி யார் மல்லுக்கட்டுவார்கள்?

ஹார்லோவில் நிலம் முதலில் வளர்ச்சிக் கழகத்தின் கையில் இருந்தது. கழகம் 1980இல் கலைக்கப்பட்டது. வீடுகள் கவுன்சிலுக்கு, வணிக மனைகள் புது நகரங்கள் ஆணையத்துக்கு, அங்கிருந்து சந்தைக்கு. லெட்ச்வொர்த் வேறு வழியில் போனது. 1903இல் தொடங்கிய அந்தத் தோட்ட நகரின் நிலத்தில் பெரும்பகுதி இன்றும் ஓர் அறக்கட்டளையிடம் இருக்கிறது, வாடகை ஊருக்கே திரும்புகிறது. 1907இல் அங்கே ஸ்கிட்டில்ஸ் இன் என்று ஒரு பப்பும் திறந்தார்கள். அதில் மது கிடையாது! ஊரே மதுவிலக்கில் இருந்ததால் சூடான சாக்லேட் கொடுத்தார்கள். பின்னாளில் அது வயதுவந்தோருக்கான கல்வி மையமாகி இன்றும் ஓடுகிறது. என்ன ஊற்றிக் கொடுத்தார்கள் என்பதைவிட மண் யார் கையில் என்பதுதான் அதைக் காப்பாற்றியது என்பது என் எண்ணம்.

ஆகவே கேட்கிறேன். புது நகரம் ஒவ்வொன்றிலும் பப்புக்கான மனையை ஊர் அறக்கட்டளையின் பெயரில் எழுதி வையுங்கள். குத்தகைக்கு விடலாம், விற்கக் கூடாது. எந்த மதுவாலையின் சரக்கை வாங்குவது என்பதை நடத்துபவரே முடிவு செய்யட்டும். கட்டடம் முதல் கட்ட வீடுகளோடு எழும்ப வேண்டும். கடைசிக் கட்டம் என்றால் அது வராது, அதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பப் மாதிரியான இடம் விற்பனைக்கு வந்தால் ஊர்ச் சமூகத்துக்கு முதல் வாங்கும் உரிமையும், பணம் திரட்ட ஆறு மாத அவகாசத்துக்குப் பதில் பன்னிரண்டு மாதமும் தரும் மசோதாவை 2025 ஜூலையில் கொண்டுவந்தீர்கள், நல்லது. ஆனால் பணமில்லாத எஸ்டேட்டுக்குப் பன்னிரண்டு மாதம் கொடுத்தாலும் சந்தை விலை சேராது. முதலிலேயே மனை கையில் இருந்தால் அந்த ஓட்டமே தேவையில்லை.

அந்தப் பன்னிரண்டு இடங்களில் உள்ள டெம்ப்ஸ்ஃபோர்டும் குரூஸ் ஹில்லும் வரைபடமாகும்போது குத்தகை விளம்பரத்தை மது நிறுவனங்களுக்கு மட்டும் அனுப்பாதீர்கள். எங்கள் கடைவரிசைகளுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். எடுத்து நடத்த ஆள் வரும்.

இப்படிக்கு,
எசெக்ஸில் வாடகைக்குக் குடியிருக்கும் ஒரு தமிழர்