சின்னச் சாமணத்தை விற்றுவிடாதீர்கள்

ஹாம்பர்க்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் போன மாதமே வந்துவிட்டது. வேலை அதிகம் என்று எழுதினால் நம்பமாட்டீர்கள். சோம்பல்தான். அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள், குளிர் வரும் இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

இங்கே நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. ஹீட்டரை நான் அதிகம் போடுவதில்லை, தோல் வறண்டுபோகிறது. வேலை நேரத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள், அதனால் ஓய்வு நிறைய. அப்படித்தான் கீழ்வீட்டுப் பெரியவரோடு பழக்கமானது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆனவர், தனி ஆள். அவர் வீடு எப்போதும் கதகதப்பாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பட்டாணி சூப் தருவார், உப்பைத் தவிர அதில் ஒன்றும் கிடையாது. பதிலுக்கு நான் ரசம் கொண்டுபோனேன். ஒரே மடக்கில் குடித்துவிட்டு ஐந்து நிமிஷம் இருமினார்.

அவருக்குக் குட்டிக் கப்பல் பைத்தியம். நிஜக் கப்பலில் 700-இல் ஒரு பங்கு. இப்போது மேஜையில் இருப்பது யார் தெரியுமா? எம்டன்! 1914 செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராஸ் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய அதே எம்டன். நிஜத்தில் 118 மீட்டர், இங்கே 17 சென்டிமீட்டர், ஒரு சாண்கூட வராது. ராஜவீதியில் தாத்தாவை எல்லாரும் எம்டன் என்பார்களே, அதைச் சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அப்புறம்தான் உங்களுக்குப் பிடித்த விஷயம். பிளாஸ்டிக்கில் வார்த்தால் கைப்பிடிக் கம்பியும் ஏணியும் தடியாக வந்துவிடும். அதனால் அவற்றைப் பித்தளைத் தகட்டில் தனியாக வாங்குகிறார்கள். வெட்டுவதில்லை. வெளிச்சம் பட்டால் இறுகும் பூச்சைத் தகட்டில் பூசி, படத்தை மேலே வைத்து ஒளி காட்டுகிறார்கள். இறுகாத இடத்தைக் கழுவிவிட்டால் அங்கே மட்டும் திராவகம் தின்றுவிடும். மிஞ்சுகிற கைப்பிடி வேலி ஒன்றரை மில்லிமீட்டர் உயரம்கூட இல்லை. நீங்கள் பார்த்தால் ‘இது என்ன வேலை’ என்று சொல்லமாட்டீர்கள்.

கண்ணாடிமேல் வைத்துத்தான் கத்தியால் நறுக்க வேண்டும், அடியில் மெத்தென்று இருந்தால் வளைந்துவிடும். ஒட்டுவது ஃபெவிக்விக் மாதிரிப் பசை. ஊசியின் காதை உடைத்தால் கவட்டை மாதிரி நிற்கும், அதில் ஒரு துளி எடுத்து மூட்டில் தொட்டால் இடுக்குக்குள் தானாக ஓடிவிடும், நம் நகை வேலையில் பற்றாசு உருகி ஓடுவது போல. கொஞ்சம் கூடினால் சுற்றிலும் வெள்ளை பூத்துவிடும். நீளமான வேலிக்கு முதலில் தச்சர் பசை. அது மெதுவாக இறுகுவதால் நேராக நிறுத்த அவகாசம் கிடைக்கும். அவருக்குக் கை நடுங்குகிறது, அதனால் வளைவு வேலையெல்லாம் எனக்கு வந்துவிட்டது. போன வாரம் தும்மினேன், ஒரு ஏணியைக் காணோம். நம் பட்டறைக் குப்பையை அம்மா கூட்டிச் சேர்ப்பது போல இரண்டு பேரும் தரையைத் தடவினோம். கிடைக்கவில்லை.

வளைவதற்கு முரண்டு பிடிக்கும் தகட்டை அவர் தீயில் காட்டி இளக்குவார். அன்றைக்கு அந்தச் சூடேறிய பித்தளை வாசனை வந்தது. குமுட்டிக்கு முன்னால் நீங்கள் ஊதுகுழலோடு உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருந்தது. கையிலிருந்ததை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன். பெரியவர் ஒன்றும் கேட்கவில்லை, சூப்பைச் சூடு பண்ணினார்.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள், பாப்பா கல்யாணத்துக்கு முன்னால் முடித்துவிடுங்கள். இந்த மாதம் அனுப்ப முடியவில்லை, பேங்கில் ஏதோ தாமதம். தை மாதம் சேர்த்து அனுப்புகிறேன். ஈச்சனாரி அத்தையிடம் கடன் கேட்க வேண்டாம், அவர் வாயை அம்மாவால் தாங்க முடியாது. பட்டறையை வாடகைக்கு விடலாம் என்று சித்தப்பா சொன்னால் விடுங்கள். கம்பி அச்சு, தராசு இரண்டையும் என்ன செய்வதென்று நீங்களே முடிவு செய்யுங்கள். நுனி தேய்ந்த அந்தச் சின்னச் சாமணத்தை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். சித்தப்பா பையன் மாசியில் ஜெர்மனி வருகிறானாமே, அவனிடம் கொடுத்தனுப்புங்கள். இங்கே கிடைக்கும் இடுக்கியெல்லாம் பிடி வழுக்குகிறது. எம்டனுக்கு இன்னும் பின்பக்க வேலி பாக்கி.

அம்மாவிடம் சொல்லுங்கள், ரசப்பொடி தீர்ந்துவிட்டது.

உங்கள் அன்பு மகன்