செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25
(நுண்படிகம் சேகரிப்போர் சங்கம், கோலார் தங்கவயல்)

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். கூட்டத்துக்கு வர முடியாதவர்களும் பிறகு படிக்கட்டும் என்று இந்த முறை அறிக்கையை முழுதாக எழுதியே கொண்டுவந்திருக்கிறேன். கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வழக்கமான நிகழ்ச்சிகள்: மாதக் கூட்டம் ஒன்பது முறை நடந்தது, மூன்று முறை ஆள் சேராமல் நின்றுபோனது. பள்ளிக்கூடக் கண்காட்சி ஒன்று நடத்தினோம். சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் ஐப்பசியில் காலமானார், அவர் வீட்டுக்குப் போய் மரியாதை செலுத்தி வந்தோம்.

அடுத்து, லைன் வீடுகளில், அதாவது சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், நுண்ணோக்கியில் பார்க்கும் சிறு படிகங்களுக்காகக் கல் தேடிய வேலை. நம் தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. அதற்குப் பிறகு கீழேயிருந்து புதிதாக ஒரு கல்லும் வரவில்லை. சுரங்கக் கம்பெனி எல்லைக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதில்லை என்பது நம் சங்கத்தின் விதி. அனுமதி கேட்டு ஓர் அலுவலகத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன், பதில் இல்லை. சரி, கல் எங்கேதான் மிச்சம் இருக்கும் என்று யோசித்தபோது பதில் நம் வீட்டுப் பரணிலேயே இருந்தது. சாம்பியன் ரீஃப்ஸ், மாரிக்குப்பம், கோரமண்டல், உரிகாம் என்று எந்த லைனுக்குப் போனாலும் அப்பாவோ தாத்தாவோ ஷிஃப்ட் முடிந்து வரும்போது சட்டைப்பையில் போட்டு வந்த ஒரு கல் இருக்கும். பிள்ளைகள் விளையாடியிருப்பார்கள், கதவு சாத்தாமலிருக்க முட்டுக் கொடுத்திருப்பார்கள்.

அப்படி 23 வீடுகளில் பார்த்தோம். அதில் ஒரு தாத்தா கொடுத்த வெள்ளைக் குவார்ட்ஸ் கல்லை இருட்டில் சிற்றலைப் புற ஊதா விளக்கின் கீழே வைத்தபோது ஒரு கோடு முழுவதும் நீலவெள்ளையாக ஒளிர்ந்தது. ஷீலைட், அதாவது டங்ஸ்டன் தாது. நம் சயனைட் மேட்டு மண்ணிலிருந்து, அதாவது தங்கம் எடுத்த பிறகு கொட்டிய கழிவிலிருந்து, ஒரு காலத்தில் பிரித்தெடுத்த அதே பொருள். எந்தச் சுரங்கம் என்று கேட்டதும் அவர் யோசிக்காமல் "நந்திதுர்க்" என்றார், நம் தங்கவயல் சுரங்கங்களில் ஒன்று. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் வெயிலில் அலைந்தேன். அவர் போன பிறகு அதைச் சொல்ல ஆள் கிடையாது.

கண்காட்சிக்கு வருகிறவர்கள் எல்லோரும் கோலாரைட் எங்கே என்று கேட்கிறார்கள். நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய கனிமம், ஈயமும் டெல்லூரியமும் குளோரினும் சேர்ந்தது. அதையும் ராதாகிருஷ்ணைட்டையும் 1985இல் அறிவித்தார்கள். இரண்டாவது, இந்தியப் புவியியல் கழகத்தை நிறுவிய பி.பி. ராதாகிருஷ்ணா நினைவாக வைத்த பெயர். ஆனால் இவை மெருகேற்றிய தாதுத் துண்டில் மைக்ரான் அளவில் தெரியும் துகள்கள். நம்மிடம் இருக்கும் 40 மடங்கு நுண்ணோக்கிக்கு எட்டாது. ஒளித்து வைத்திருப்பதாக யாரும் நினைக்க வேண்டாம்.

இனி ஜரியா பயணம். ஜார்க்கண்டில் தன்பாத் பக்கத்து நிலக்கரி வயல் அது. இதைப் பற்றிப் பேச்சு அதிகம் வந்ததால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

2025 ஜனவரியில் நானும் இன்னும் இருவரும் ஜோலார்பேட்டையில் தன்பாத் வண்டி ஏறினோம். ஏழு பேர் வருவதாகப் பெயர் கொடுத்து, கடைசி வாரத்தில் நான்கு பேர் விலகினார்கள். தங்க ஊர்க்காரனுக்கு நிலக்கரியில் என்ன வேலை என்று கேட்டார்கள். பழைய சுரங்கக் கல்லில் இருக்கும் படிகம் என்றோ உருவாகி முடிந்தது. எரியும் நிலக்கரியில் அது நம் கண்முன்னே உருவாகிறது. ஜரியாவில் 1916 முதல் தீ எரிகிறது. காற்றுப்பட்ட நிலக்கரி தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும், மண்ணுக்கடியில் அணையாமல் நகரும். அந்தச் சூட்டில் வரும் வாயு வெடிப்பு வழியே மேலே ஏறி, வாய்ப்பக்கம் குளிர்ந்ததும் திரவமாகாமல் நேரே படிகமாக ஒட்டிக்கொள்ளும். வெடிப்பின் நடுவில் ஒன்றும் இருக்காது, அங்கே சூடு அதிகம். ஓரத்தில், கை வைத்தால் சுடும் ஆனால் பொசுக்காது என்ற இடத்தில்தான் பார்க்க வேண்டும்.

அங்கே சுரங்கத்தில் வேலை பார்த்த ஒருவர் கூடவே வந்தார். அவர் காட்டிய இடத்தைத் தாண்டி ஓர் அடி வைக்கவில்லை. காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கம் மட்டுமே நின்றோம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தரை எப்போது உள்வாங்கும் என்றும் சொல்ல முடியாது. அந்தத் தரைக்கு மேலே குடும்பங்கள் வாழ்கின்றன. வரிசை வீடுகள், தண்ணீர்க் குடங்கள், கரி பொறுக்கும் பிள்ளைகள். அவர்கள் வாசலைத் தாண்டித்தான் நாங்கள் கல் எடுக்கப் போனோம் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். வெட்கமாக இருந்தது.

கிடைத்தது மூன்று வகை. ஒன்று கந்தகம். மஞ்சள் ஊசிகள், சூட்டில் கண்ணாடி போல இருக்கும். 95 டிகிரிக்குக் கீழே வந்ததும் உள்ளே அமைப்பு மாறி, கொஞ்ச நேரத்தில் மங்கிவிடும். இரண்டாவது நவச்சாரம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் தேய்ப்பாரே, அதேதான். ஆனால் 20 மடங்கில் பார்த்தால் கிளை கிளையாக இறகு விரித்த மாதிரி இருக்கும். மூன்றாவதைப் பிறகு சொல்கிறேன்.

நவச்சாரம் எங்கே என்று கேட்டவர்களுக்கு: ஈரப்பதம் 80 சதவீதத்தை நெருங்கினால் அது காற்றிலிருக்கும் நீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். அதற்காகவே சிலிக்கா ஜெல் போட்டு, டேப் ஒட்டி, தன்பாத்திலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். ஐந்து மாதம் பத்திரமாக இருந்தது. ஜூன் கூட்டத்தில் பார்த்துவிட்டு யாரோ மூடாமல் போனார்கள், ராத்திரி மழை. காலையில் பதினான்கு பெட்டியில் பதினொன்று வெறும் ஈரம். யார் என்று எழுதப்போவதில்லை. ஆனால் "செயலாளர் சங்கப் பணத்தில் போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்" என்று வெளியே பேசியது நியாயமா என்று அவரவர் யோசிக்க வேண்டும். என் ரயில் செலவு முழுக்க என்னுடையது. சங்கம் கொடுத்தது பெட்டி, பசை, வழிகாட்டியவருக்குக் கொடுத்த தொகை மட்டும்.

எரிந்த நிலக்கரிக் கழிவுக் குவியலில் வருவது கனிமமே அல்ல என்று ஓர் உறுப்பினர் எழுதிக் கொடுத்திருந்தார். அதற்கும் பதில் சொல்ல வேண்டும். 1998இல் சர்வதேசக் கனிமவியல் சங்கம் எரிதலில் பிறப்பவற்றைப் பொதுவாகப் புதுக் கனிமமாக ஏற்பதில்லை என்று முடிவு செய்தது உண்மை. மனிதன் வைத்த தீயா, தானாகப் பற்றியதா என்று தெரியாது என்பது காரணம். 2020இல் அந்த விதியைத் தளர்த்தினார்கள். தானாகப் பற்றிய தீ, வெளிக்குப்பை கலக்காத குவியல் என்று காட்ட முடிந்தால் ஏற்கலாம். அதற்கு வெகுகாலம் முன்பே செக் நாட்டின் கிளாட்னோவில் எரிந்த குவியலிலிருந்து கிளாட்னோயிட் என்ற கரிமப் படிகத்தை 1942இல் விவரித்திருக்கிறார்கள்.

அப்புறம், இண்டியலைட். நம் நாட்டின் பெயரே கொண்ட கனிமம். 1954இல் மியாஷிரோ, ஈயாமா என்ற ஜப்பானிய அறிஞர்கள் அறிவித்தது. கிடைத்த இடம் தன்பாத்துக்கு மேற்கே பொக்காரோ நிலக்கரி வயல். நிலக்கரி எரிந்த சூட்டில் பக்கத்துப் பாறை உருகி, அதில் பிறந்த அறுகோணப் படிகம். இதை விட்டுவிட்டு வேறு எதைத் தேடுவது?

மூன்றாவது வகை என்றேனே, அது ஜரியாவில் எடுத்த உருகிய பாறைத் துண்டு. கறுப்பாகக் கண்ணாடிக் கசடு போல இருக்கும். அதன் குமிழ்க்குழி ஒன்றில் ஆறு பக்கம் கொண்ட குட்டையான படிகங்கள் நிற்கின்றன, அரை மில்லிமீட்டர்கூட இல்லை. இண்டியலைட் என்று நான் சொல்லவில்லை. கார்டியரைட் என்ற இன்னொரு கனிமத்துக்கும் அதற்கும் வேதிச் சேர்க்கை ஒன்றே, அணுக்களின் அடுக்குமுறைதான் வேறு. கார்டியரைட் இரட்டைப் படிகமும் ஆறு பக்கம் போலத் தோன்றும். எக்ஸ் கதிர்ச் சோதனைதான் பிரித்துச் சொல்லும். பெட்டியின் சீட்டில் "அறுகோணப் படிகம், ஜரியா, ஜனவரி 2025, சோதிக்கப்படவில்லை" என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

சீட்டு என்றதும் இன்னொன்று. சங்க அலமாரியில் சீட்டில்லாமல் கிடக்கும் பெட்டிகள் நாற்பதுக்கு மேல். எடுத்துப் பார்த்தவர்கள் சீட்டை மாற்றிப் போட்டிருக்கிறார்கள், சிலர் எடுத்துப் போய்த் திருப்பவில்லை. படிகத்தைக் குச்சி நுனியில் ஒட்டி, கறுப்படித்த பெட்டிக்குள் நிறுத்த ஒரு மாலை முழுக்கப் போகும். இடம் எழுதிய சீட்டு தொலைந்தால் அந்த மாலையும் போச்சு, கல்லும் போச்சு.

சந்தா ஆண்டுக்கு 300 ரூபாய். பாதிப் பேருக்கு மேல் கட்டவில்லை, சிலர் இரண்டு ஆண்டாக. கஷ்டத்தில் இருப்பவர்களிடம் நான் கேட்டதே இல்லை, இனியும் கேட்க மாட்டேன். மற்றவர்கள் யார் என்று அவர்களுக்கே தெரியும்.

வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக இருக்கின்றன. கையிருப்பு போன ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது, கேட்டால் காட்டுவார்.

கூட்டத்துக்கு இடம் கொடுத்த பள்ளிக்கும், டீ ஏற்பாடு செய்த துணைத்தலைவருக்கும், தணிக்கை பார்த்துக் கொடுத்தவருக்கும், கல் கொடுத்த 23 வீட்டாருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இரண்டு வேலை மட்டும் நினைத்திருக்கிறேன். மீதியுள்ள லைன் வீடுகள், அந்த ஒரு படிகத்துக்கு எக்ஸ் கதிர்ச் சோதனை. சோதனைக் கட்டணத்துக்கு நிலுவைச் சந்தா வந்தாலே போதும், தனியாக வசூல் வேண்டாம். லைன் வீடுகளுக்கு நோட்டுப் புத்தகத்தோடு கூட வர இரண்டு இளைஞர்கள் தேவை. எனக்கு முழங்கால் முன்பு போல இல்லை, இந்தப் பொறுப்பை வேறு யாராவது ஏற்பதானாலும் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். அதுவரை நுண்ணோக்கி ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி முதல் என் வீட்டுத் திண்ணையில் இருக்கும். ஜரியாப் படிகத்தை வந்து பாருங்கள். பார்த்ததும் பெட்டியை மூடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்