நோட்டின் கடைசிப் பக்கத்துக் கணக்கு

கிருஷ்ணகிரி,
ஞாயிறு ராத்திரி.

கண்ணு,

அம்மா எழுதுறேன். இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். நீ ஹாஸ்டல்ல நேரத்துக்குச் சாப்பிடு. போன்ல பேசினா எனக்கு அழுகை முந்திக்குது, சொல்ல வந்தது தொண்டையிலயே நின்னுடுது. அதான் தம்பி நோட்டுல நாலு தாள் கிழிச்சு வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்.

"மிருதங்கத்தை வித்துடும்மா, அந்தக் காசைத் தம்பி சிலம்பத்துக்குக் கட்டு"ன்னு போன வாரம் சொன்னே. நானும் ஏதோ பதில் சொல்லி வச்சுட்டேன். மறுநாள் சாயங்காலம் அதை எடுத்து உறையை அவிழ்த்தேன். இடது பக்கத் தொப்பியில, பொங்கல் லீவுக்கு வந்தப்போ வாசிக்கிறதுக்காக நீ ஒட்டின ரவை அப்படியே காஞ்சு கிடந்துச்சு. ஓரத்துல எறும்பு.

நாலு வருஷத்துல ஒரு நாள்கூட நீ ரவையை எடுக்காம உறை போட்டதில்லை. ராத்திரி பத்து மணி ஆனாலும் ஈரத்துணியால துடைச்சுட்டுத்தான் படுப்பே. விட்டா தோல் கெட்டுடும், எலி கடிச்சுடும்னு வாத்தியார் சொன்னதை நீதான் எனக்குச் சொல்லித் தந்தே. ஈரத்துணியை அது மேல போட்டு ஊறவிட்டு, நகம் படாம கொஞ்சம் கொஞ்சமா உரிச்சு எடுத்தேன். அரை மணி நேரம் ஆச்சு. எடுக்க எடுக்கத்தான் எனக்குப் புரிஞ்சது. அன்னிக்கு நீ வாசிச்சு முடிக்கலை, பாதியில மூடி வச்சுட்டே.

பையில உன் சொற்கட்டு நோட்டு இருந்துச்சு. கடைசிப் பக்கத்தைப் பார்த்துட்டேன். கோவிச்சுக்காதே.

மிருதங்கம் 7,500. வாத்தியார் பீஸ் மாசம் 400, நாலு வருஷத்துக்கு 19,200. வலது பக்கத் தோல், வலந்தலை மாத்தினது மூணு தடவை, 4,200. தொப்பி 1,100. பை 600. பஸ் 2,000. கூட்டி 34,600ன்னு போட்டு ரெண்டு கோடு இழுத்திருக்கே. அதுக்குக் கீழே "அம்மா தோடு"ன்னு எழுதி, தொகை போடாம ஒரு கேள்விக்குறி.

பஸ் கணக்கு தப்பு கண்ணு. டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு 2021 மே மாசத்துலேருந்து டிக்கெட்டுக்குக் காசு இல்லை, நீ கிளாஸுக்குப் போக ஆரம்பிச்சது அதுக்கு அப்புறம்தான். அந்த 2,000-ஐ அடிச்சுடு. மீதியைப் பத்தித்தான் பேசணும்.

தோட்டுல இருந்தே ஆரம்பிக்கிறேன். ஆமா, மிருதங்கம் வாங்கத்தான் அடகு வச்சேன். மகளிர் குழுவுல எடுத்தது 2,500, தோட்டுக்குக் கிடைச்சது 5,000. அடுத்த புளி சீசன்ல மீட்டுட்டேன், இப்போ காதுல அதுதான் இருக்கு. அந்தப் பத்துப் பதினொரு மாசம் ஓட்டை தூர்ந்துடாம இருக்க ஈர்க்குச்சி சொருகியிருந்தேன். புது மிருதங்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு வந்து நீ ஒரு நாள் சொன்னே: "அம்மா, இதுலயும் தோலுக்கு நடுவுல குச்சி வச்சிருக்காங்க, உன் காதுலயும் குச்சி இருக்கு." ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். அப்போ உனக்குக் காரணம் தெரியாது. தெரிஞ்ச நாள்லேருந்து அந்தச் சிரிப்பை நினைச்சு நீ உன்னையே திட்டிக்கிட்டிருக்கேன்னு இந்தக் கேள்விக்குறியைப் பார்த்தப்போதான் தெரிஞ்சது. நான் அன்னிக்கு நிஜமாத்தான் சிரிச்சேன். காது வெறுமையா இருக்கேன்னு எனக்கு ஒரு குறையும் இல்லை. அதை மாத்தி நினைச்சுக்காதே.

இன்னொண்ணு நான் ஒத்துக்கணும். பத்தாவது அரைப் பரீட்சையில கணக்குல மார்க் குறைஞ்சப்போ, "உன் டம்டம்முக்குக் கொட்டின காசுல ரெண்டு ஆடு வாங்கிக் கட்டியிருக்கலாம்"னு கத்தினேன். அன்னிக்குப் புளி மண்டியில கூலி பிடிச்சுட்டாங்க, அந்தக் கோவம். உன் மேல இல்லை. ஆனா சொன்னது உன்கிட்டத்தானே? யோசிச்சுப் பார்த்தா, நீ காசு கணக்குப் பார்க்க ஆரம்பிச்சதே அதுக்கு அப்புறம்தான். கிளாஸுக்குப் போகும்போது "இன்னிக்குப் போகலாமாம்மா?"ன்னு கேட்கத் தொடங்கினே. அதுக்கு முன்னாடி "போயிட்டு வர்றேன்"னு மட்டும்தான் சொல்வே. அந்தப் பேச்சை நான் அன்னிக்கே திரும்ப வாங்கியிருக்கணும். வாங்காம விட்டது என் தப்பு. இப்போ வாங்கிக்கிறேன்.

பன்னிரண்டாவது மார்கழி ஞாபகம் இருக்கா? பெருமாள் கோயில் பஜனை. நான் பின்னாடி தூண்கிட்ட உட்கார்ந்திருந்தேன். நீ வாசிக்க ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே எனக்கு என்னவோ இடிச்சது. "நம்"ங்கிற சொல் விழுற இடத்துல கணீர்னு வர வேண்டியது, ஓட்டைச் சட்டியில தட்டினாப்ல வந்துச்சு. வீட்டுக்கு வந்து கேட்டேன். வலந்தலை நடுவுல இருக்கிற கருப்புச் சாதம் வெடிச்சு ஓரமெல்லாம் உதிர்ந்துடுச்சுன்னு அழுதே. எத்தனை நாளான்னு கேட்டா, மூணு மாசமாம். ஐப்பசி கார்த்திகையில புளி வேலையும் இல்லை, அப்பாவுக்கு மாங்கூழ் கம்பெனியும் இல்லைன்னு தெரிஞ்சு வாயை மூடிக்கிட்டிருந்திருக்கே. கிட்டக்கல் பொடியும் சோறும் குழைச்சுப் பூசுறதாலதான் அதுக்குச் சாதம்னு பேர்னு நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு வாய்ச் சோறு உதிர்ந்ததுக்காக என் பிள்ளை மூணு மாசம் பயந்துகிட்டு இருந்திருக்குன்னா, வலந்தலை மாத்தின அந்த 1,400 ரூபாய்க்கு நான் கொடுத்தது அதிகமில்லை, நீ கொடுத்ததுதான் அதிகம்.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு கண்ணு. எனக்கு அந்த வித்தியாசம் எப்படிக் காதுல பட்டுச்சு? நான் எங்க சங்கீதம் படிச்சேன்? பழையபேட்டையில மூட்டை வாங்கிட்டு வந்து வாசல்ல உட்கார்ந்து ஓடு உடைச்சு, நார் உருவி, கொட்டை தட்டுறவ. கொரோனாவுல பள்ளிக்கூடம் மூடியிருந்தப்போ நீ என் எதிர்ல உட்கார்ந்து கொட்டை டப்பாவைத் தட்டுவே. நான் ரெண்டு தட்டுத் தட்டினா நடுவுல நீ மூணு போடுவே. கைவேகம் மாறினா நீயும் மாறுவே. பக்கத்துல உட்கார்ந்து தட்டுற அக்காங்க, "உன் பொண்ணு கையில என்னமோ இருக்குடி"ன்னு சொன்னாங்க. அதைக் கேட்டுத்தான் நானும் அப்பாவும் வாத்தியார் வீட்டைத் தேடிப் போனோம். நீ கேட்கலை. ஒரு நாளும் வாய் திறந்து கேட்கலை. பொட்டப்புள்ளைக்கு எதுக்கு மத்தளம்னு கேட்டவங்களுக்கு அப்பா பதில் சொல்லிட்டார், அது இப்போ வேண்டாம்.

நாலு வருஷம் தினமும் சாயங்காலம் "த தி தொம் நம்" கேட்டே என் காது பழகிடுச்சு. இப்போ கோயில்ல யார் வாசிச்சாலும் சுருதி சேர்ந்திருக்கான்னு எனக்குத் தெரியுது. கல்லும் கட்டையும் வச்சுத் தட்டிச் சரி பண்றதைப் பார்த்தா, இந்த இடத்துல இன்னும் கொஞ்சம் தட்டணும்னு மனசுக்குள்ள சொல்லிக்கிறேன். இது நான் போட்ட காசுல வந்ததா, உன் உழைப்புல வந்ததா? உன் நோட்டுப் பக்கத்துல இதுக்கு ஒரு வரிகூட இல்லையே. புளிச்சாறு பட்டு என் விரல் வெடிக்கும், மீட்டு மீட்டு உன் விரல் வெடிக்கும். ராத்திரி ஒரே கிண்ணத்துல தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி ரெண்டு பேரும் தடவிக்கிட்டு உட்கார்ந்திருப்போம். அந்த நேரத்துலதான் நீ எனக்கு எல்லாம் சொல்வே. காலேஜ் போனதுக்கு அப்புறம் நான் தனியாத் தடவிக்கிறேன்.

அப்படி ஒரு நாள் சொன்னதுதான், பாலக்காடு மணி ஐயருக்கு 1966-ல மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி விருது கொடுத்தாங்க, மிருதங்கம் வாசிக்கிறவங்கள்ல அவருக்குத்தான் முதல்ல கிடைச்சதுன்னு. உன் முகம் அன்னிக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா! போன வாரம் அதே பேரைச் சொல்லித்தான், "நான் என்ன மணி ஐயர் ஆகப்போறேனா, எதுக்கும்மா இந்தச் செலவு?"ன்னு கேட்டே. அதுதான் எனக்கு ரொம்ப வலிச்சது.

நீ வித்வான் ஆகணும்னு நாங்க காசு கட்டலை கண்ணு. பெரிய சபாவுல உட்காரணும்னு கட்டலை. மார்க்குக்குக் கட்டலை, மேடைக்குக் கட்டலை. நீ மிருதங்கம் வாசிக்கணும்னு கட்டினோம். வாசிச்சே. மாசம் 400 கொடுத்தோம், அந்த மாசம் முழுக்க நீ வாசிச்சே. அந்த மாசத்துக் கணக்கு அந்த மாசமே தீர்ந்துடுச்சு. 48 மாசமும் அப்படித்தான் தீர்ந்துச்சு. பாக்கி எதுவும் நிக்கலை. நீ நாளைக்கே தொடாம விட்டாலும் நிக்காது. விடணும்னு உனக்கே தோணினா விடு, நான் ஏன்னு கேட்க மாட்டேன். எங்களுக்குக் கடன்பட்டுட்டோம்னு பயந்து விடாதே, அது மட்டும் வேண்டாம்.

காட்டு வீர ஆஞ்சநேயர் கோயில்ல நான் தேங்காய் கட்டினதை மார்க்குக்குன்னு நீ நினைச்சே. நானும் திருத்தலை. பரீட்சைக்காகக் கொஞ்ச நாள் உறையைத் தொடாம இருந்தே இல்லையா, அது முடிஞ்சதும் நீ பழையபடி வாசிக்கணும்னுதான் கட்டினேன். பரீட்சை முடிஞ்ச அன்னிக்குச் சாயங்காலமே வாசிச்சே. மறுநாள் போய்க் கும்பிட்டுட்டு வந்தேன்.

தம்பி விஷயம். சிலம்பத்துக்கு மாசம் 300. அதை நாங்க பார்த்துக்குறோம். அவன் பங்கை நீ தின்னுட்டதா நினைக்காதே, அவன் அப்படி நினைக்கலை. ஒரு தடவை ஸ்கூல் டூருக்கு அவனை அனுப்ப முடியலை, அது நிஜம். அந்த மாசம் அப்பாவுக்குக் கால் சுளுக்கி வேலைக்குப் போகலை, அதனால. உன் வலந்தலைக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. எங்களால முடியாத நாள் வந்தா, "முடியாது கண்ணு, அப்புறம் பார்க்கலாம்"னு நானே வாய்விட்டுச் சொல்வேன். அதைச் சொல்ற வேலை என்னோடது. அதை நீ எடுத்துக்கிட்டு எங்களுக்கு முன்னாடியே வேண்டாம்னு சொல்லிடாதே.

தை கடைசியிலேருந்து மண்டிக்குப் புளி வர ஆரம்பிச்சாச்சு. இந்த வருஷம் காய்ப்பு நல்லா இருக்காம். நேத்து ரெண்டு மூட்டை வந்துச்சு. அப்பா வேலை விட்டு வந்து செருப்பைக் கழட்டும்போதே, "வீடு சத்தமே இல்லாம கிடக்கு"ங்கிறார். தினமும் சொல்றார்.

வியாழக்கிழமை அப்பா சேலம் போறார். மிருதங்கம் செய்றவர்கிட்ட வலந்தலை மாத்தக் கொடுக்கச் சொல்லியிருக்கேன், காசும் எடுத்து வச்சுட்டேன். என்ன சுருதிக்கு வைக்கணும்னு அவர் கேட்பாராம். போன தடவை நீ சொன்னது நாலரைக் கட்டையா, அஞ்சு கட்டையா? எனக்குக் குழப்பமா இருக்கு. புதன்கிழமை ராத்திரிக்குள்ள போன் பண்ணிச் சொல்லு. தொப்பி நல்லா இருக்கு, நானே பார்த்தேன்.

அம்மா