எந்தத் தோளில் குத்துவது

எடின்பரோ,
அக்டோபர் 12

அன்புள்ள சித்திக்கு,

நலம், நலமறிய ஆவல். தங்கச்சி ஜனவரியில் இங்கே படிக்க வருவதற்குள் அவளுக்கு ஸ்காட்லாந்தின் கட்டம் போட்ட டார்டன் துணியில் ஒரு பாவாடையை உங்கள் கையாலேயே தைத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். தாராளமாகத் தைக்கலாம். ஜனவரி 25 கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பிறந்த நாள். அன்று ஊரெங்கும் விருந்தும் நடனமும் இருக்கும், அவளுக்கும் உடுத்த ஒரு சாக்கு கிடைக்கும். துணி பார்சலில் வருகிறது.

முதலில் ஒன்று. நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது ஆண்கள் உடை. முன்னால் தொங்கும் தோல் பை ஸ்போரன், காலுறையில் செருகியிருக்கும் குட்டிக் கத்தி ஸ்கியன் டூ. பெண்கள் சாதாரணமாக இரண்டையும் எடுப்பதில்லை. பைப் இசைக்குழுவில் வாசிக்கும் பெண்கள் மட்டும் ஆண்களோடு ஒரே சீருடையில், ஸ்போரனோடு நிற்பார்கள். அது சீருடை, அதை வீட்டு வழக்கமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

டார்டன் என்பது துணி, கில்ட் என்பது அதில் தைத்து இடுப்பில் சுற்றும் உடுப்பு. பாவில் எந்த நிறம் எத்தனை இழை என்று ஓடுகிறதோ, அதே வரிசைதான் ஊடையிலும் ஓடும். அந்த வரிசை ஒரு முறை முடிந்து மறுபடி தொடங்கும் வரை உள்ள அகலத்துக்குப் பெயர் செட். கில்ட்டுக்கு முன்பக்கம் தட்டை, மடிப்பு அத்தனையும் பின்னால். ஆச்சிமார் கண்டாங்கிக்குப் பின்கொசுவம் வைப்பார்களே, கிட்டத்தட்ட அதுதான். செருகுவதற்குப் பதில் தைத்துவிடுகிறார்கள், அவ்வளவு.

கில்ட் இங்கே ஆண்களின் உடையாகவே வளர்ந்தது. மலைநாட்டுப் பெண்களுக்கு இருந்தது அரிசெய்ட். மார்ட்டின் மார்ட்டின் என்பவர் 1703-இல் மேற்குத் தீவுகளைப் பற்றி எழுதிய புத்தகத்தில் அதை விவரித்திருக்கிறார். வெள்ளைத் துணி, அதில் கறுப்பு, நீலம், சிவப்பில் சில மெல்லிய கோடுகள். கழுத்திலிருந்து குதிகால் வரை வரும். சுற்றிலும் கொசுவி, மார்புக்குக் கீழே தோல் பெல்ட்டால் கட்டி, மார்பில் வெள்ளி அல்லது பித்தளைக் கொக்கி மாட்டுவார்கள். எந்த உலோகம் என்பது வீட்டு வசதியைப் பொறுத்தது. கல்யாணமான பெண் தலையில் முக்கோண லினன் துணி கட்டுவாள், கன்னிப்பெண்ணுக்கு ஒரு ரிப்பன் போதும். 1746-இல் லண்டன் அரசு மலைநாட்டு உடைக்குத் தடை போட்டபோது சட்டத்தில் எழுதியது ஆணும் சிறுவனும் என்றுதான், பெண்களுக்கு அந்தத் தடை இல்லை. 1782-இல் சட்டம் நீங்கியது. அதற்குள் அரிசெய்ட் கட்டும் வழக்கமும் தேய்ந்துபோனது. தோளில் டார்டன் போடும் பழக்கம் மட்டும் சாஷ் என்ற உருவத்தில் இன்றும் இருக்கிறது.

சாஷ்தான் இங்கே பெண்களின் முக்கியமான துண்டு. ஏறக்குறைய இரண்டரை கஜ நீளம், ஓரடிக்குக் கொஞ்சம் குறைந்த அகலம், இரண்டு முனையிலும் குஞ்சம். தாவணி மாதிரி என்று நினைத்து இடது தோளில் போட்டுவிடாதீர்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது. டார்டன்கள் பெரும்பாலும் இங்குள்ள குலங்களின் (கிளான்) பெயரில்தான் வழங்குகின்றன. குலச் சின்னங்களுக்குப் பொறுப்பான லார்டு லயன் என்ற அதிகாரியின் ஒப்புதலோடு நான்கு முறைகள் வழங்கிவருகின்றன. சாதாரணப் பெண்கள் வலது தோளில் புரோச் (அலங்கார ஊசி) குத்தி, மார்பைக் குறுக்காகக் கடந்து இடது இடுப்புப் பக்கம் கொண்டுபோவார்கள். இடது தோள் குலத் தலைவிக்கும், தலைவரின் மனைவிக்கும், ஸ்காட்டிஷ் ராணுவப் பிரிவின் கர்னல் மனைவிக்கும். அவர்கள் சாஷ் கொஞ்சம் அகலமாகவும் இருக்கும். வேறு குலத்தில் கல்யாணம் செய்துகொண்டும் பிறந்த வீட்டு டார்டனையே போட விரும்புகிறவள் நீளமான சாஷை வலது தோளில் போட்டு, இடது இடுப்பில் பெரிய பூமுடிச்சாகக் கட்டுவாள். நடனம் ஆடுகிறவர்கள் முன்பக்கம் காலியாக இருக்கும்படி, பின் இடுப்பில் ஒரு பொத்தானிலோ மெல்லிய பெல்ட்டிலோ மாட்டி, மேலே வலது தோளில் குத்தி, மிச்சத்தை முதுகில் தொங்கவிடுவார்கள்.

இது வழக்கம்தான், சட்டம் இல்லை. மாற்றிப் போட்டால் யாரும் தண்டிக்க மாட்டார்கள். ஆனால் விருந்தில் பழைய ஆள் ஒருவர் இருந்தால், ‘எந்தக் குலத்துத் தலைவி நீங்கள்?’ என்று சிரித்துக்கொண்டே கேட்பார். தங்கச்சிக்கு வலது தோள் என்று சொல்லிவையுங்கள்.

குத்துவதிலும் கவனம் வேண்டும். கம்பளி சாஷின் கனம் முழுவதும் ஒரே புள்ளியில் இறங்கும். மெல்லிய பட்டு ரவிக்கையில் நேராகக் குத்தினால் அரை மணி நேரத்தில் இழை பிரிந்து ஓட்டை விழும். ரவிக்கைக்கு உட்பக்கம் தோள் தையலுக்குக் கீழே ரூபாய் நாணய அளவுக்கு ஒரு பருத்தித் துண்டு வைத்துத் தைத்துவிடுங்கள், ஊசி அதையும் சேர்த்துப் பிடிக்கட்டும். சாஷை அகலவாக்கில் மூன்று நான்கு மடிப்பாகக் கொசுவி, முதலில் ஒரு சேஃப்டி பின் குத்தி நிறுத்திவிட்டு, அதன்மேல் புரோச்சைக் குத்தினால் நகராது.

பார்சலில் இருக்கும் புரோச் வாய் திறந்த வளையம் மாதிரி இருக்கும், ஊசி அந்த வளையத்தில் ஓடும். பலர் ஊசியைக் குத்திவிட்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள், ஆடும்போது கழன்று விழுகிறது. ஊசியைத் துணியில் ஏற்றி இறக்கி, அதன் நுனியை வளையத்தின் வாய் வழியாக மேலே எடுத்து, வளையத்தைக் கால் சுற்று திருப்ப வேண்டும். அப்போதுதான் ஊசி வளையத்தின்மேல் உட்கார்ந்து பூட்டும். இதய வடிவில் கிரீடம் வைத்த லக்கன்பூத் புரோச்சும் இங்கே பிரபலம். செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்தை ஒட்டி இருந்த பழைய கடைகளின் பெயர் அது. நிச்சயதார்த்தத்துக்குக் கொடுப்பார்கள், பச்சைக் குழந்தையின் சால்வையில் கண்ணேறு படாமல் இருக்கவும் குத்துவார்கள். வசம்பு வளையலின் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனிப் பாவாடை. நான் அனுப்புவது பிளாக் வாட்ச் டார்டன், கரும்பச்சை, கருநீலம், கறுப்பு. எந்தக் குலத்தையும் சேராதவர்களும் இதைத் தயங்காமல் போடலாம். பொதுவாகவே யாரும் எந்த டார்டனும் உடுத்தலாம், தடுக்கும் சட்டம் இல்லை. ஆல்பர்ட் இளவரசர் 1853-இல் அமைத்த பால்மோரல் டார்டன் மட்டும் விலக்கு. அது அரச குடும்பத்துக்கு, மற்றவர்களுக்கு அரசரின் அனுமதி வேண்டும். பிளாக் வாட்ச்சை எடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கறுத்த நிறம் கைப்பிசகைக் கொஞ்சம் மறைக்கும். சிவப்பு ராயல் ஸ்டூவர்ட்டில் ஒரு நூல் தள்ளினாலும் எட்ட நின்று பார்க்கிறவனுக்கே தெரியும்.

ஆண்களின் கில்ட்டுக்கு 8 கஜம் வரை போகும், துணியும் கஜத்துக்கு 16 அவுன்ஸ் கனம். பெண்களுக்கு அது வேண்டாம், இடுப்பில் மூட்டை கட்டியதுபோல் நிற்கும். இது 11 அவுன்ஸ். இரட்டை அகலத்தில் இரண்டரை கஜம் வைத்திருக்கிறேன். நீளவாக்கில் நடுவே கட்டத்தின் கோட்டைப் பிடித்து இரண்டாக வெட்டினால் 90 அங்குலத்தில் இரண்டு துண்டு, மொத்தம் 5 கஜம். துணியின் நீளம்தான் உடம்பைச் சுற்றி வரும். ஓரக்கரை கீழே வர வேண்டும், அதை மடித்துத் தைக்கவே கூடாது. உயரம் அதிகமானால் மேலே இடுப்புப் பக்கம் வெட்டுங்கள். இரண்டாம் துண்டைத் தலைகீழாகத் திருப்பினால்தான் அதற்கும் கரை கீழே வரும். கரையிலிருந்து முதல் கோடு வரை இரண்டு பக்கமும் ஒரே தூரமா என்று நான் பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது. இணைப்புத் தையல் ஒரு மடிப்பின் உள்ளே மறைய வேண்டும்.

தங்கச்சி அளவு இடுப்பு 30, சீட் (பின்புறச் சுற்றளவு) 38 என்று எழுதியிருந்தீர்கள். சீட்டில் முன்பக்கத்துக்கு 18, பின்னால் 20 விடுங்கள். மடிப்பு ஒன்றுக்கு வெளியே தெரிவது ஓர் அங்குலம், ஆக 20 மடிப்பு. இந்தத் துணியில் செட் 6 அங்குலம். மடிப்பு வைக்க இரண்டு வழி இருக்கிறது. ஒவ்வொரு மடிப்பிலும் ஒரே கோடு தெரிய வேண்டுமானால் மடிப்புக்கு ஒரு முழு செட், அதாவது 6 அங்குலம் போகும். பின்பக்கமும் முன்பக்கக் கட்டம் போலவே தெரிய வேண்டுமானால் ஒவ்வொன்றும் ஓர் அங்குலம் தள்ளித் தொடங்க வேண்டும், அதனால் 7 போகும். முதல் வழி 120 அங்குலம், இரண்டாவது 140. முன்பக்கம் மேல்தட்டு 18, அதன் அடியில் போகும் உள்தட்டு 18, ஓரங்களுக்கு 14. முதல் வழியில் மொத்தம் 170-க்குள் முடியும், நம்மிடம் 180 இருக்கிறது. இரண்டாவது வழிக்கு இந்தத் துணி காணாது. அதனால் கோட்டு மடிப்புதான். பச்சைப் பட்டையின் நடுவை மடிப்பின் நடுவில் நிறுத்துங்கள்.

இடுப்புக்கு முன்னால் 14, பின்னால் 16 வர வேண்டும். ஒரு மடிப்பு சீட்டில் ஓர் அங்குலம் என்றால் இடுப்பில் முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய ஒன்றரை நூல் (ஒரு நூல் என்பது அரைக்கால் அங்குலம்) சரிவு. இதில்தான் எல்லோரும் தவறுவது. மடிப்புக்கு அரை நூல் பிசகினால் 20 மடிப்பில் 10 நூல், ஒன்றேகால் அங்குலம் போய்விடும். அப்புறம் பக்கிளை இழுத்துக் கட்டினால் முன்தட்டு கோணி நிற்கும். ஐந்து மடிப்புக்கு ஒரு தடவை டேப் வைத்துப் பாருங்கள். இடுப்பிலிருந்து சீட் வரை, 6, 7 அங்குலம், மடிப்பு விளிம்பைக் கையால் நெருக்கித் தைக்க வேண்டும். மெஷினில் ஓட்டினால் கம்பளி நகர்ந்து குறுக்குக் கோடுகள் படிக்கட்டாகிவிடும். அதற்குக் கீழே கரை வரை பெரிய நூலோட்டம் மட்டும் போட்டு, ஈரத்துணி வைத்து அழுத்தி இஸ்திரி போட்டு, துணி முழுக்க ஆறிய பிறகு பிரியுங்கள். சூட்டோடு பிரித்தால் மடிப்பு நிற்காது.

ஆண்களுக்கு மேல்தட்டு வலப்பக்கம் வந்து முடியும். பெண்கள் பாவாடையில் பெரும்பாலும் இடப்பக்கம். முழங்கால் உயரத்துக்கு வைத்தால் பகலுக்கும் ஆகும். கணுக்கால் வரை நீட்டியதை ஹோஸ்டஸ் ஸ்கர்ட் என்பார்கள், இரவு விருந்துக்கு உரியது. மேலே வெள்ளை ரவிக்கையோ கறுப்பு வெல்வெட் ஜாக்கெட்டோ போதும். பாவாடையும் சாஷும் ஒரே டார்டனில் போட்டால் திரைச்சீலை மாதிரி இருக்கும் என்பது என் அபிப்பிராயம், பலர் அப்படியும் போடுகிறார்கள். ஓரத்தில் குத்தும் பெரிய கில்ட் பின்னை மேல்தட்டில் மட்டும் குத்துங்கள். இரண்டு தட்டையும் சேர்த்துக் குத்தினால் உட்காரும்போது ஒன்று இழுக்க, மற்றது கிழியும்.

நடனக்காரர்கள் கதை தனி. கிராமிய நடனம் ஆடும் பெண்கள் வெள்ளை உடையில் சாஷ் போடுவது பழைய வழக்கம். 1923-இல் கிளாஸ்கோவில் தொடங்கிய சங்கம்தான் அந்த நடனங்களை ஒழுங்குபடுத்தியது. போட்டியில் ஹைலேண்ட் ஃபிளிங், வாள் நடனம் ஆடும் பெண்கள் கில்ட்டே போடுவார்கள். ஆனால் அபாய்ன் ஊர் விளையாட்டு விழாக்காரர்கள் 1950-களில், பெண்களுக்குக் கில்ட் கூடாது என்று விதி வைத்தார்கள். அதிலிருந்து வந்தது அபாய்ன் உடை: வெள்ளை உள்பாவாடை, அதன்மேல் டார்டன் பாவாடை, இறுக்கமான மேல்சட்டை, தோளில் ஒரு துண்டு. ஃப்ளோரா மெக்டொனால்ட்ஸ் ஃபேன்சி போன்ற மென்மையான நடனங்களுக்கு இப்போதும் அதுதான்.

ஊரில் டார்டன் என்று விற்பதை வாங்க நேர்ந்தால் ஓர் இழையை உருவித் தீயில் காட்டுங்கள். கம்பளி முடி கருகும் வாசத்தோடு பொடியாகும், அக்ரிலிக் உருகிக் கெட்டி மணியாகிவிடும். தைத்து முடித்ததைத் தண்ணீரில் போடாதீர்கள். பெட்டியில் அனுப்பும்போது மடிப்புகளின் அடியில் மறுபடி நூலோட்டம் போட்டு, பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி, பழைய நைலான் காலுறைக்குள் நுழைத்துவிடுங்கள். வேப்பிலையோ பாச்சை உருண்டையோ கட்டாயம் வையுங்கள், கம்பளியைப் பூச்சி விடாது.

வெட்டுவதற்கு முன் தங்கச்சியின் சீட் அளவை இன்னொரு தடவை எடுத்து எழுதுங்கள். விடுதிச் சாப்பாட்டில் இளைத்திருப்பாள். சித்தப்பாவுக்கு என் வணக்கம்.

உங்கள் அன்பு மகள்